விந்தணு வாசித்த றோஸ்மேரி அம்மையாருக்கு

விந்தணுவை விளங்கி, விளங்கியதை விளக்கி, விளக்குகையில் வெட்கப்படாத வித்தகியே! கண்ணாடித் தட்டில் கண்ணுக்கெட்டாததைக் கண்டு, கண்டதைக் கண்டபடி சொல்லி, காணாததைக் காணவில்லையென்றே சொன்ன கண்ணியமே! நெஞ்சை நிமிர்த்தி வந்த ஆண்களையும் நிலத்தைப் பார்த்து வந்த பெண்களையும் ஒரே உயரக் கதிரையில் இருத்திய நேர்மையே! மன்னார் பெற்று, மொன்றியல் பெற்றுக்கொண்டு, இன்று ஓய்வு வந்து வாசலில் காத்து நிற்கிற எங்கள் மாண்புமிகு றோஸ்மேரி அம்மையாரே! உங்களோடு வேலை செய்த நாங்கள், கூட்டுகிறவர்களும் கழுவுகிறவர்களும் தொலைபேசி எடுக்கிறவர்களும் பெட்டி ஏற்றி இறக்குகிறவர்களும், ஒன்றாய் நின்று ஓங்கிச் சொல்லும் வணக்கம்!

முதலில் ஒன்றைச் சொல்லி வைக்கிறோம். இந்த மடலின் முதற் சொல்லுக்கே தடை வந்தது. விழாவை நடத்தித் தருகிற பேரின்பநாதன் நல்ல மனிசன். குரல் கணீரென்று இருக்கும். இப்போது இதை வாசித்துக்கொண்டிருப்பவரும் அவர்தான். போன கிழமை எங்கள் சாப்பாட்டறைக்கு வந்து, எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு முகம் கறுத்துப் போனார். அவர் சொன்னதை அவர் வாயாலேயே கேளுங்கள்.

"அண்ணை, சபையில குமர்ப்பிள்ளையள் இருக்குதுகள். சுவாமியாரும் வாறார். 'மருத்துவத் துறையில் மகத்தான சேவை' எண்டு போட்டு விடுங்கோவன். எல்லாருக்கும் விளங்கும்."

"ஒருத்தருக்கும் விளங்காது" என்றோம்.

"அந்தச் சொல்லை நான் மைக்கில சொல்ல ஏலாது அண்ணை."

"மலடி எண்ட சொல்லை இதே மண்டபத்தில மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கச் சொன்ன சனம் நாங்கள். அப்ப குமர்ப்பிள்ளையள் எங்க போயிருந்ததுகள்?"

பேரின்பநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். "சரி, தாருங்கோ" என்று கையை நீட்டினார். நன்றி, பேரின்பநாதன். தொடருங்கோ.

அம்மையாரே! முப்பது ஆண்டுகளுக்குக் கிட்ட, எங்கள் கருவள நிலையத்தின் பின்னறையில், நுணுக்குக்காட்டியின் முன்னால் குனிந்திருந்த கழுத்து உங்களுடையது. இல்-பிசாரின் பெரிய வீட்டுக்காரரும் வில்லரேயின் மேல்மாடிக் குடித்தனக்காரரும் உங்கள் சின்ன யன்னலடிக்கு ஒரே கிண்ணத்தோடுதான் வந்து நின்றார்கள். இரண்டு பேருக்கும் ஒரே 'போன்ஜூர்'தான். பிந்தி வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே ஏச்சுத்தான். பெரிய டாக்குத்தருடைய மச்சான்காரனையும் வரிசையில் நிற்கவிட்ட ஆள் நீங்கள். நாங்கள் கூட்டத் தும்புத்தடியோடு போனால் காலைத் தூக்கி இடம் தந்துவிட்டு, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே "சாப்பிட்டீங்களோ அண்ணை?" என்று கேட்ட ஆளும் நீங்கள்தான்.

நாங்கள் ஆரையும் இலேசில் நம்புகிற ஆட்களல்ல. வெள்ளைக் கோட்டைக் கண்டவுடன் கைகட்டி நிற்கிற பழக்கமும் எங்களுக்கில்லை. பிள்ளை நிச்சயம் என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டவன் பேந்து கையை விரித்ததைப் பார்த்த கண் இது. உங்களையும் முதலில் நம்பவில்லை, உள்ளதைச் சொல்லுகிறோம். ஒரு துளியைப் பார்த்துவிட்டு ஒரு மனிசனின் வம்சத்தைச் சொல்லலாம் என்றால், சாத்திரக்காரனுக்கும் இவவுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்களுக்குள் கதைத்துச் சிரித்ததும் உண்டு. வித்தியாசம் என்னவென்று பிறகு கண்டுகொண்டோம். சாத்திரக்காரன் ஒருநாளும் சொல்லாத ஒரு வார்த்தை உங்கள் வாயில் அடிக்கடி வரும். "எனக்குத் தெரியாது." அழுதுகொண்டு கேட்டவருக்கும் அதட்டிக் கேட்டவருக்கும், தெரியாததைத் தெரியாது என்றே சொன்னீர்கள். அந்த நாளிலிருந்து, நீங்கள் தெரியும் என்று சொன்னதை நாங்கள் நம்பினோம்.

உங்கள் குணங்களை வரிசைப்படுத்தி அடுக்கலாம். பொறுமையில் பூமி, அறிவில் ஆழி என்று அடுக்கினால் எந்த அம்மாவின் படத்துக்குக் கீழேயும் அதை மாட்டலாம். நாங்கள் ஒரு கதை சொல்லுகிறோம். டெனிஸ்டனின் கதை. உங்கள் வாயிலிருந்து இதில் ஒரு சொல் எங்களுக்கு வந்ததில்லை. அதைச் சபையார் முன்னால் சத்தியம் பண்ணிச் சொல்லுகிறோம். நாங்கள் கண்டது போக, மிச்சம் முழுக்க டெனிஸ்டன் தானே வந்து சொன்னது. "பேரைப் போட்டே எழுதுங்கோ அண்ணை. பேர் போடாட்டி அது ஆரோ ஒருத்தன்ர கதையாப் போடும்" என்றான். அவன் பெண்சாதி றொஷினியிடமும் கேட்டோம். "எழுதுங்கோ. வடிவா எழுத வேண்டாம், சரியா எழுதுங்கோ" என்றாள்.

டெனிஸ்டன் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன். ஆள் வாட்டசாட்டம். இரண்டு பேர் தூக்குகிற பெட்டியை ஒரு கையால் தூக்கி, மற்றக் கையால் அதில் தொங்குகிற ஊர்ப்பேர்ச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பான். கலியாணம் முடித்து ஆறு வருடம். வீட்டில் அவன், றொஷினி, அவன் தாய். பிள்ளை இல்லை.

எங்கள் கோயில் பங்கில் ஒரு வழக்கம் உண்டு, சபையாருக்குத் தெரியும். ஆடி மாதத்தில் அன்னம்மாள் திருநாளன்று, பிள்ளையில்லாத பெண்கள் கையகல மரத்தொட்டில் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அன்னம்மாளின் சுருவச் சிலையின் பின்னால் போவார்கள். கோயிலைச் சுற்றி, வீதியால் போய், திரும்பி வந்து பீடத்தடியில் வைப்பார்கள். அந்த நேரத்தில் புருசன்மார் எங்கே? கார் தரிப்பிடத்தில். ஐஸ் ஹொக்கியும் அரசியலும் கதைத்துக்கொண்டு, சிகரெட்டும் கையுமாய். ஊரே பார்க்க, குறை தன்னில்தான் என்று கையில் ஏந்திக்கொண்டு நடக்கிறது பெண். குறை ஆரில் என்று பார்க்க முன்னமே தீர்ப்பு எழுதி, அதை ஒரு பவனியாகவும் ஆக்கி வைத்திருந்தோம். றொஷினி வருடா வருடம் அந்தத் தொட்டிலைத் தூக்கினாள். இரத்தம் குத்தி எடுத்தது அவளிடம்தான். வயிற்றில் ஊசி போட்டது அவளுக்குத்தான். மெட்ரோவில் தனியே வந்து தனியே போனதும் அவள்தான்.

ஒருநாள் டாக்குத்தர், இனிப் புருசனைப் பாராமல் இவவில் கைவைக்க மாட்டேன் என்று சொல்லிப்போட்டார். கிண்ணம் வீட்டுக்குப் போனது. கொண்டுவரும்போது குளிரவிடக் கூடாது, உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மார்கழிப் பனி. டெனிஸ்டன் தன் பாட்டில் யோசித்தான். கிண்ணத்தைக் கம்பளித் தொப்பிக்குள் சுற்றி, காரின் பக்கத்து இருக்கையில் வைத்து, இருக்கைச் சூட்டை முழுதாய்த் திருகிவிட்டான். பனி அள்ளுகிற வண்டி முன்னால் ஊர்ந்தது. வழி முழுக்கக் கிண்ணம் அடைகாத்தது. வாசலில் காரை நிறுத்தி, தொப்பியை றொஷினியிடம் கொடுத்து, "நீர் கொண்டுபோய்க் கொடும்" என்றுவிட்டு இவன் உள்ளே இருந்துகொண்டான்.

நீங்கள் தட்டைப் பார்த்தீர்கள். ஒன்றும் ஓடவில்லை. நிமிர்ந்தீர்கள். "கொண்டுவந்தவரைக் கூப்பிடுங்கோ" என்றீர்கள். அவர் காருக்குள்ளே என்றாள் றொஷினி. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம், அம்மையாரே. வெள்ளைக் கோட்டோடு, சப்பாத்தை மாற்றாமல், பனியில் இறங்கிப் போய், கார்க் கண்ணாடியில் தட்டினீர்கள்.

"தம்பி, நீர் இதை அவிச்சல்லோ கொண்டந்திருக்கிறீர்!"

பஸ் தரிப்பில் நின்ற இரண்டு தமிழ்ச் சனம் திரும்பிப் பார்த்தது. டெனிஸ்டன் சூட்டு இருக்கையில் இருந்துகொண்டு வியர்த்தான்.

"சூடா வைக்கச் சொன்னவை அக்கா..."

"உடம்புச் சூடு. அடுப்புச் சூடில்லை. இதை வைச்சு நான் ஒண்டும் எழுத மாட்டன். அடுத்த முறை நீர் வாரும். உம்மட காலால நடந்து வாரும்."

வந்தான். தலையைக் குனிந்துகொண்டு வந்து, அறைக்குள் போய், வெளியே வந்தான். எண்ணிப் பார்த்தீர்கள். எண்ணிக்கை நல்லம், ஓட்டம் நல்லம், உருவமும் பரவாயில்லை. அதை அப்படியே சொன்னீர்கள். டெனிஸ்டன் போகும்போது தலை நிமிர்ந்திருந்தது. எங்களுக்கும் போன்ஜூர் சொன்னான்.

அந்த நல்ல செய்திதான் றொஷினியின் தலையில் கல்லாய் விழுந்தது. டெனிஸ்டனின் தாய் அதைக் கோயில் முழுக்கக் கொண்டு திரிந்தா. என் பிள்ளையில் குறையில்லை, சோதித்துப் பார்த்தாயிற்று, அப்போ மிச்சம் ஆர் என்று கேட்டா. கணக்கு அவவுக்குச் சரியாகத்தான் பட்டது. இரண்டு பேரில் ஒருவர் நல்லம் என்றால் மற்றவர்தானே? டெனிஸ்டனும் வாய் திறக்கவில்லை. வென்றவனுக்கு என்ன கதை?

அந்த நேரம்தான் பல்கலைக்கழக ஆராய்ச்சி ஒன்று உங்கள் பின்னறைக்கு வந்தது. எண்ணிக்கை நல்லாயிருந்தும் பிள்ளை தங்காத ஆண்களைத் தேடினார்கள். டெனிஸ்டன் சிரித்துக்கொண்டு கையெழுத்து வைத்தான். தேறின சோதினைதானே, இன்னொருக்கால் எழுதுவோம் என்ற நினைப்பு. முடிவு வந்ததும் அவனைக் கூப்பிட்டு இருத்தினீர்கள். கதவைச் சாத்தினீர்கள். நீங்கள் சொன்னதை அவன் எங்களுக்குச் சொன்னபடி எழுதுகிறோம். பிழையிருந்தால் பிழை எங்களுடையது.

"தம்பி, டோர்வலில பெட்டி பிழையான ஊருக்குப் போறது ஏன்?"

"சீட்டுப் பிழையெண்டா போகும் அக்கா. இல்லாட்டி, போன பயணத்துப் பழைய சீட்டைக் கிழிக்காமல் விட்டிருப்பினம். மெசின் அதை வாசிச்சுப்போடும்."

"பெட்டிக்குள்ள சாமான்?"

"சாமானுக்கு ஒண்டுமில்லை."

"அதுதான் உம்மட கதையும். உள்ள இருக்கிற சாமான் நல்லம். அது தாய் தேப்பனிட்ட இருந்து வந்தது, அப்பிடியே இருக்கு. ஆனா அதுக்கு மேல சின்னச் சின்ன அடையாளங்கள் ஒட்டியிருக்கும். இதை வாசி, இதை வாசியாமல் விடு எண்டு கருவுக்குச் சொல்லுற சீட்டுகள். விந்தணு உருவாகேக்க பழையதைக் கிழிச்சுப் புதுசு ஒட்ட வேணும். உம்மடையில கன இடத்தில அது சரியா நடக்கேல்லை."

டெனிஸ்டன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான்.

"எண்ணிக்கை நல்லம் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்!"

"எண்ணினதை அண்டைக்குச் சொன்னனான். வாசிச்சதை இண்டைக்குச் சொல்லுறன். ரெண்டும் உண்மை."

"அப்ப நான் ஆம்பிளை இல்லையோ?"

"இரும் தம்பி. உம்மட பெட்டி தொலைஞ்சா, பெட்டிக்காரன் மனிசன் இல்லையெண்டோ நீர் சொல்லுவீர்?"

அவன் இருக்கவில்லை. ஆனால் கதவடியில் நின்றான். நின்றபடி கேட்டான், இது ஏன் வந்தது என்று. சிகரெட் ஒரு காரணமாய் இருக்கலாம். பகலும் இரவும் மாறி மாறிச் செய்கிற வேலை, நித்திரையில்லாத உடம்பு, ஏறின நிறை, ஓயாத சூடு, எல்லாம் இருக்கலாம் என்றீர்கள். எது எவ்வளவு என்று கேட்டான். "எனக்குத் தெரியாது. ஆருக்கும் இன்னும் வடிவாத் தெரியாது." மாறுமோ என்று கேட்டான். "விந்தணு மூண்டு மாதம் மட்டில புதுசா உருவாகுது. சீட்டு ஒட்டுற வேலையும் அதோட சேர்ந்து திரும்ப நடக்குது. அதுக்குள்ள உம்மட கையில இருக்கிறதை நீர் மாத்தலாம். பலன் எவ்வளவு எண்டு வாக்குத் தரமாட்டன்."

அவன் போய்விட்டான். றொஷினிக்குச் சொல்லவில்லை. வில்லரே மூலையில் டெப்பனர் கடையில் நின்று ஒரு பெட்டி சிகரெட் வாங்கி, முன்னையிலும் கூடப் பிடித்தான். வீட்டில் தாய் றொஷினியை ஏசுகிறபோது குசினிப் பக்கம் போகாமல் இருக்கப் பழகிக்கொண்டான். றொஷினி ரொறொன்ரோவில் தமக்கை வீட்டுக்குப் போகப் பெட்டி அடுக்கத் தொடங்கினாள். திரும்பி வருகிற பேச்சு இல்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, இதே மண்டபத்தில், தேத்தண்ணி மேசையடியில். பெண்கள் சூழ நின்ற இடத்தில் டெனிஸ்டனின் தாய் உங்களைக் கண்டுவிட்டா. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினா.

"இஞ்ச நிக்கிறா சாட்சி! றோஸ்மேரியே தன்ர கண்ணால பார்த்தவ. என்ர பிள்ளையில ஒரு குறையுமில்லை. கேட்டுப் பாருங்கோ!"

எல்லாக் கண்ணும் உங்களில். உங்களுக்குத் தெரியும். முடிவு வந்த நாளிலிருந்து தெரியும். ஒரு சொல் போதும், றொஷினியின் தலையில் இருந்த கல் விழுந்து உடைந்துவிடும். அந்தச் சொல் உங்களுடையதில்லை. கையில் இருந்த கோப்பையிலிருந்து தேத்தண்ணி விரலில் சிந்தியது. அதைக் கண்டவர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள்.

"வேலையில கண்டதை நான் கோயிலில கதைக்கிறேல்லை" என்றீர்கள்.

"பாத்தீங்களே, மறுக்கேல்லை!" என்றா தாய்.

றொஷினி ஒருவரையும் பாராமல் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். கதவடியில் நின்ற டெனிஸ்டனின் அருகால் போனாள். பிறகு நீங்கள் போனீர்கள். நிற்காமல், திரும்பாமல், அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னீர்கள்:

"உம்மட அம்மா என்ர பேரைச் சாட்சிக்கு இழுக்கிறா. என்ர வாய் திறக்காது தம்பி. உம்மட வாய்க்கு என்ன?"

சபையோரே, வீரம் என்று மேடையில் எத்தனையோ கேட்டிருக்கிறோம். ஒரு சொல்லை விழுங்கிக்கொண்டு, அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரனை அப்படி நிமிர்ந்து கேட்ட வீரத்தை நாங்கள் அன்றைக்குத்தான் கண்டோம்.

டெனிஸ்டன் வீட்டுக்குப் போனபோது றொஷினியின் பெட்டி வாசலடியில் நின்றது. கைப்பிடியில் எப்போதோ போன பயணத்துச் சீட்டு ஒன்று தொங்கியது. வேலைப் பழக்கத்தில் குனிந்து அதைக் கிழித்தான். கிழித்துவிட்டுக் கையில் வைத்துக்கொண்டு நிலத்திலேயே இருந்துவிட்டான்.

"றொஷினி, பிழை என்னில."

அவள் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது. அவன் எல்லாம் சொன்னான். சீட்டு, பெட்டி, மூன்று மாதம், எல்லாம். உள்ளறையில் தாய் இருந்தா. அவவுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்.

"எப்பவிருந்து தெரியும்?"

"மாசிக் கடைசியில இருந்து."

"ஒரு மாதத்துக்கு மேல." றொஷினி எழும்பிப் பெட்டியைப் பிடித்தாள். "உங்களில குறை இருக்கிறதுக்கு நான் கோவிக்கேல்லை. குறை என்னில இருந்திருந்தா நீங்கள் எனக்குப் பக்கத்தில நிண்டிருப்பீங்களோ எண்டு நான் ஆறு வருசமா யோசிச்சனான். இப்ப மறுமொழி கிடைச்சிட்டுது."

"போகாதையும்."

"போறன். அன்னம்மாள் திருநாளுக்கு வருவன். ஆனா தொட்டிலை நான் தூக்க மாட்டன்."

போய்விட்டாள்.

அவன் சிகரெட்டை விட்டான். விட்டதைப் பெரிதாய்ப் பாடவில்லை. பிடிக்கிற வேளையில் இஞ்சி ரொபியைச் சப்பி, கண்டவர்களிலெல்லாம் எரிந்து விழுந்தான். பகல் வேலையாய் மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்து, ஏச்சு வாங்கி, மாற்றினான். சித்திரையிலும் பனி கொட்டிய ஊர் இது. காரில் இருக்கைச் சூட்டை நிறுத்திப்போட்டு வேலைக்குப் போனான். கூட ஏறி வந்த வேலைக் கூட்டாளி றெக்ஸ், "மச்சான், எனக்குப் பின்பக்கம் உறைஞ்சு போச்சு. காரில சூடு இருக்க என்னை ஏன்ரா தண்டிக்கிறாய்?" என்று கத்தினான். டெனிஸ்டன் காரணத்தைச் சொன்னான். அதுதான் அவன் வெளியாள் ஒருத்தனுக்கு முதன்முதல் சொன்னது. றெக்ஸ் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. அவனுக்கும் நாலு வருடமாய்ப் பிள்ளை இல்லை.

ஆடி பிறக்க, திரும்பவும் உங்களிடம் வந்தான். நடந்து வந்தான். வாசித்துச் சொன்னீர்கள்: "பாதி திருந்தியிருக்கு. பாதி அப்பிடியே இருக்கு. மிச்சம் திருந்துமோ எண்டு எனக்குத் தெரியாது." அவன் கேட்டான், இனி அம்மா என்ன சொல்லுவா என்று. "அதுக்கு எங்களிட்ட மெசின் இல்லைத் தம்பி" என்றீர்கள்.

திருநாள் வந்தது. வெயில். சுருவம் வாசலுக்கு வந்துவிட்டது. பெண்கள் தொட்டிலோடு வரிசையில் நின்றார்கள். ரொறொன்ரோவிலிருந்து வந்த றொஷினி வெறுங்கையோடு ஒதுங்கி நின்றாள். மாமியார் போன வருடத்துத் தொட்டிலைத் துடைத்துக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினா. றொஷினி கையை நீட்டவில்லை. மாமியார் இன்னும் கொஞ்சம் நீட்டினா. சனம் பார்த்தது. அந்த இடைவெளிக்குள்ளே ஒரு கை வந்து தொட்டிலை எடுத்தது. பெட்டி ஏற்றுகிற கை. தொட்டில் அதில் தீப்பெட்டி போல இருந்தது.

"விடு ராசா, ஆம்பிளை தூக்கிற தொட்டிலோ இது!"

"அம்மா, குறை என்னில. றோஸ்மேரி அக்கா பார்த்துச் சொன்னது அதுதான். நான்தான் உங்களுக்கு ஒளிச்சது. குறை என்னில எண்டா தொட்டிலும் என்ர."

மெதுவாய்ச் சொல்லவில்லை. பெட்டி ஏற்றுமிடத்தில் விமான இரைச்சலுக்கு மேலால் கத்திப் பழகின குரல் அது. சுவாமியாருக்கும் கேட்டது. கார் தரிப்பிடத்துக்கும் கேட்டது.

"உதென்னடா புது விளையாட்டு?" என்று அங்கேயிருந்து ஒருத்தன் கூவினான். கூவினவன் றெக்ஸ் இல்லை. றெக்ஸ் கையிலிருந்த சிகரெட்டைக் காலால் நசுக்கிவிட்டு வந்துகொண்டிருந்தான். தன் பெண்சாதியின் கையிலிருந்த தொட்டிலைக் கேட்டு வாங்கினான். அன்று சுருவத்தின் பின்னால் இரண்டு ஆண்கள் தொட்டிலேந்திப் போனார்கள். றொஷினி டெனிஸ்டனுக்குப் பக்கத்தில் நடந்தாள். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அம்மையாரே, நீங்கள் கடைசியில், மணி அடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றீர்கள். அழுதீர்களோ சிரித்தீர்களோ என்று நாங்கள் கேட்கவில்லை.

டெனிஸ்டனின் தாயார் அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. இந்த மடலுக்கு அவவிடமும் கேட்டோம். "என்ர பேரைப் போடாதேங்கோ. செய்ததைப் போடுங்கோ" என்றா. அப்படியே செய்திருக்கிறோம். அதுவும் ஒரு துணிவுதான்.

இனி, மண்டபத்தில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது எதற்கென்று எங்களுக்குத் தெரியும். பிள்ளை பிறந்ததா?

பிறக்கவில்லை.

றொஷினி வீட்டுக்கு வந்தாள். சேர்ந்து வைத்தியம் செய்தார்கள். ஒருமுறை தங்கவில்லை. மறுமுறையும் தங்கவில்லை. இனியும் முயல்வார்களோ விடுவார்களோ, அது அவர்கள் வீட்டு விடயம். பிரியாவிடை மடல் என்றால் இந்த இடத்தில் ஒரு குழந்தையைத் தூக்கிக் காட்ட வேண்டும், கைதட்டு விழ வேண்டும் என்று சொன்னார்கள். காட்ட எங்களிடம் குழந்தை இல்லை. குழந்தை இல்லாததால் இந்த மடல் ஒரு சொட்டும் குறையாது. பிள்ளைகளை எண்ணி உங்களைப் புகழ வேண்டுமென்றால் அதற்கும் ஆயிரம் படம் நிலையத்தின் சுவரில் தொங்குகிறது. நாங்கள் புகழ வந்தது வேறொன்றை. பிள்ளை இல்லாமலே ஒரு பெண் தலை நிமிர்ந்து இந்த மண்டபத்துக்குள் வந்திருக்கிறாள். ஒரு ஆண் குறையைச் சொல்லியும் ஆணாகவே இருக்கிறான். அதைச் செய்தது நீங்கள். செய்யும்போது ஒரு இரகசியத்தையும் உடைக்கவில்லை, ஒரு பொய்யையும் விற்கவில்லை.

இப்போதெல்லாம் நிலையத்தின் வாசலில் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கிற கார்கள் குறைந்துவிட்டன. ஆண்கள் உள்ளே வருகிறார்கள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான், ஆனாலும் வருகிறார்கள். வந்து, உங்கள் சின்ன யன்னலடியில் நிற்கிறார்கள். நாளைக்கும் நிற்பார்கள். யன்னலுக்குள்ளே வேறு முகம் இருக்கும். அந்த முகத்துக்கும் நீங்கள் "எனக்குத் தெரியாது" என்று சொல்லப் பழக்கிவிட்டுத்தான் போகிறீர்கள் என்று கேள்வி. நல்லம்.

நுணுக்கத்தில் நோற்ற கண்களே, இனித் தூரத்தைப் பாருங்கள்! குனிந்து குனிந்து கூனிய கழுத்தே, இனி நிமிர்ந்து நில்! காய்ச்சல் தலைவலி காணாத நாள்களும், காலாற நடக்கக் கோடைகளும், வழுக்காத பனிக்காலங்களும் உங்களுக்கு வாய்க்கட்டும். அன்னம்மாள் உங்களைக் காக்கட்டும். ஆராவது கோயிலில் கையைப் பிடித்து இழுத்துச் சாட்சி சொல்லக் கேட்டால், இப்போதும் சொல்லாதீர்கள். ஆனால் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லாதிருங்கள். சுடும்.

கடைசியாய் ஒன்று. இதை எழுதும்போது டெனிஸ்டன் ஒரு வாக்குத் தந்தான். மடல் முடிகிற இடத்தில் தான் எழும்பி நிற்பதாகச் சொன்னான். இதுதான் அந்த இடம். எழும்பு, தம்பி. உன்னோடு எழும்ப மனமுள்ள ஆண்கள் எழும்பட்டும். காரணம் ஒருவரும் கேட்க மாட்டோம். பேரின்பநாதன், நீங்கள் ஏற்கனவே நின்றுகொண்டிருக்கிறீர்கள். அது கணக்கில் சேராது.

றொஷினி இருக்கட்டும். அவள் போதுமட்டும் தனியே நின்றுவிட்டாள்.

இங்ஙனம்,
உங்கள் யன்னலுக்கு வெளியே நின்று உங்களை நம்பப் பழகிய
கருவள நிலையப் பணியாளர்கள் அனைவரும்.
கேட்டு எழுதியவர்: துப்புரவுப் பகுதி அருமைராசா
மொன்றியல்